கோலாலம்பூருக்கு வேலையாக வந்தால் ஹோட்டலா, ரெசிடென்ஸா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

சென்னை, கோவை, திருச்சியிலிருந்து எங்கள் நிறுவனத்துக்கு வேலையாக வருபவர்களுக்குத் தங்குமிடம் பார்த்துக் கொடுப்பது என் பொறுப்பு. அது ஹோட்டல் அறையாக இருக்கலாம், இல்லை ரெசிடென்ஸாக, அதாவது பெரும்பாலும் சமையலறையும் துணி இயந்திரமும் உள்ள வாடகை அடுக்குமாடி வீடாக இருக்கலாம். பலர் தாங்களே ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, இணைப்பை எனக்கு அனுப்பி, "இது சரியா வருமாண்ணே?" என்று கேட்பார்கள். படம் அழகாக இருக்கும். இரட்டைக் கோபுரம் ஜன்னலில் தெரியும். விலையும் நியாயமாகத் தோன்றும். ஆனால் அவர்கள் பார்த்த வரிசை தலைகீழானது: முதலில் படம், அடுத்து விலை, வேலை நடக்கும் இடம் கடைசியில்.

சரியான வரிசை இது: எத்தனை இரவு, வேலை எங்கே, கட்டடத்தை யார் நடத்துகிறார்கள், வருபவர் யார், அதற்குப் பிறகுதான் விலை. முதல் நான்குக்கும் விடை தெரியாமல் இரண்டு விலைகளை ஒப்பிட்டால், வெவ்வேறு பொருள்களின் விலையைத்தான் ஒப்பிட்டுக்கொண்டிருப்பீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சந்திப்புகளின் முழு முகவரி, நாள்வாரியாக. "கேஎல் ஆபீஸ்" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் போதாது. கோலாலம்பூர் அலுவலகம் என்று சொல்லப்படுவது பெட்டாலிங் ஜெயாவிலோ சைபர்ஜெயாவிலோ இருக்கலாம்.

விமானம் இறங்கும் நேரம். பயணப்படி பற்றிய உங்கள் நிறுவன விதி. உணவகப் பில்லைத் திருப்பித் தருவார்கள், மளிகைப் பில்லைத் தரமாட்டார்கள் என்றால், சமையலறை உள்ள இடத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பாதி வீண். இதைக் கணக்குப் பிரிவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தங்குபவர் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டு. முன்பணம் பிடித்துவைக்க வரவேற்பறையில் கேட்பார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் கணக்கிலிருந்து உடனே கழிந்துவிடும், திரும்பி வர நாளாகும்.

1. இரவுகளை எண்ணுங்கள்

நான்கு இரவு வரை ஹோட்டலே போதும். மேலே படிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. ரெசிடென்ஸில் குடிபுக ஒரு மாலை போய்விடும்: மளிகை வாங்க வேண்டும், அடுப்பும் துணி இயந்திரமும் பழக வேண்டும், குப்பை எந்த மாடி மூலையில் போடுவது என்று தெரிய வேண்டும். நான்கு நாள் பயணத்தில் ஒரு மாலை என்பது பெரிய இழப்பு.

ஐந்து முதல் ஒன்பது இரவு வரை இரண்டுமே பொருந்தலாம். அடுத்த படிகள்தான் தீர்மானிக்கும்.

பத்து இரவுக்கு மேல் ரெசிடென்ஸ் பக்கம் சாயத் தொடங்குங்கள். எவ்வளவு நல்ல ஹோட்டலாக இருந்தாலும் இரண்டாவது வாரத்தில் கட்டிலும் மேசையும் ஒரே அறையில் இருப்பது மனிதனைச் சோர்வாக்கும். சட்டைகளும் அப்போதுதான் தீரும்.

மாதத் தொகுப்பு எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு 30 நாள் விசா விலக்கு 2026 டிசம்பர் 31 வரை நடப்பில் இருக்கிறது. ரெசிடென்ஸ்களின் மாதத் தொகுப்போ பெரும்பாலும் 30 இரவு. 30 இரவு தங்கினால், வந்திறங்கிய நாளையும் சேர்த்துக் கிளம்பும் நாள் 31ஆவது நாள். விலை குறைகிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தொகுப்பை எடுத்துவிடாதீர்கள். 28 அல்லது 29 இரவுக்கும் அதே விலை தரமுடியுமா என்று கேளுங்கள், பல இடங்களில் இறங்கி வருவார்கள்.

இன்னொன்று. விசா விலக்கு சந்திப்புகளுக்கும் பேச்சுவார்த்தைக்கும்தான். தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துவது, பழுது பார்ப்பது போன்ற வேலை என்றால் தொழில்முறை வருகை அனுமதி வேண்டும். அதற்கு இங்குள்ள நிறுவனம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அது கைக்கு வரும்வரை பணத்தைத் திரும்பப் பெறமுடியாத முன்பதிவு எதையும் செய்யாதீர்கள்.

2. வேலை நடக்கும் இடத்தை வரைபடத்தில் குறியுங்கள்

புதியவர்கள் எல்லோரும் இரட்டைக் கோபுரம் இருக்கும் பகுதியான கேஎல்சிசி என்றே தேடுகிறார்கள். வேலை அங்கே இருந்தால் சரிதான். ஷா ஆலமில் தொழிற்சாலை, சைபர்ஜெயாவில் தரவு மையம், ஜாலான் டுத்தா பக்கம் மைடெக் கண்காட்சி என்றால் கேஎல்சிசி அறை உங்கள் காலையையும் மாலையையும் தின்றுவிடும்.

வரைபடச் செயலியில் "இப்போது" என்ற நேரத்தை வைத்துப் பார்க்காதீர்கள். புறப்படும் நேரத்தைச் செவ்வாய்க்கிழமை காலை 8 மணி என்றும், திரும்பும் நேரத்தை மாலை 5.30 என்றும் மாற்றிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை இரவு 20 நிமிடம் காட்டிய அதே சாலை ஒரு மணி நேரம் காட்டும். கோலாலம்பூரில் மாலை நான்கு மணிக்கு மேல் இடியோடு மழை கொட்டுவது ஆண்டில் பல மாதங்கள் வாடிக்கை. மழை பிடித்தால் ஜாலான் துன் ரசாக்கும் ஃபெடரல் நெடுஞ்சாலையும் அப்படியே நின்றுவிடும், கிராப் செயலி டாக்சிக் கட்டணமும் ஏறும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது ரயில். நகரின் முக்கிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலிலிருந்து கேஎல்சிசி, கிளானா ஜெயா எல்ஆர்டி தடத்தில் ஐந்தாவது நிறுத்தம். துன் ரசாக் எக்ஸ்சேஞ்ச் பகுதியில் வேலை என்றால் அந்த நிலையத்தில் காஜாங், புத்ராஜெயா என இரண்டு எம்ஆர்டி தடங்களும் சந்திக்கின்றன. ஆகவே பல திசைகளிலிருந்து எளிதாக வந்து சேரலாம். மோண்ட் கியாராவில் ரெசிடென்ஸ்கள் ஏராளம், வீடுகளும் விசாலமானவை. ஆனால் அந்தப் பகுதிக்குள் ரயில் நிலையம் இல்லை. நகர மையத்துக்கு நாள்தோறும் போகவேண்டியவருக்கு நான் மோண்ட் கியாராவைப் பரிந்துரைப்பதில்லை.

"ஒரு கிலோமீட்டர்தானே, நடந்துவிடலாம்" என்பது அடுத்த தவறு. இங்கே ஒரு கிலோமீட்டருக்குள் ஆறுவழிச் சாலை குறுக்கே வரும், நடைபாதை பாதியில் முடிந்துபோகும். கேஎல்சிசி மாநாட்டு மையத்திலிருந்து பெவிலியன் வணிக வளாகம் வரை குளிரூட்டப்பட்ட மேம்பாலப் பாதை இருக்கிறது. அந்தத் தடத்தை ஒட்டிய இடங்களில் மட்டும் நடப்பதை நம்பித் திட்டமிடலாம். மற்ற இடங்களில் தெருக்காட்சிப் படத்தைத் திறந்து, கூரை உள்ள பாதை இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கோட்டு சூட்டோடு மழையில் நனைந்து கூட்டத்துக்குப் போக முடியாது.

ஓரிரு சந்திப்பு ஒரு பக்கம், ஓரிரு சந்திப்பு மறுபக்கம் என்று சிதறிக் கிடந்தால் கேஎல் சென்ட்ரலை எடுங்கள். பல தடங்கள் அங்கே தொட்டுப்போகின்றன. விமான நிலைய ரயிலும் அங்கேதான் வந்து நிற்கிறது. வெளியே வந்தால் பிரிக்பீல்ட்ஸ். இட்லிக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் அலையவேண்டாம். சைவச் சாப்பாடு கட்டாயம் என்பவருக்கு இது சமையலறைக்கு ஈடு.

3. கட்டடத்தை நடத்துவது யார் என்று கண்டுபிடியுங்கள்

இந்த ஒரு படியைத் தவறவிட்டவர்கள்தான் எனக்கு நள்ளிரவில் அழைப்பவர்கள்.

கோலாலம்பூரில் ரெசிடென்ஸ் என்ற பலகைக்குப் பின்னால் மூன்று வகை இருக்கிறது. முதல் வகை, ஒரே நிறுவனம் முழுக் கட்டடத்தையோ பல தளங்களையோ நடத்துவது. அஸ்காட், ஃபிரேசர் போன்றவர்கள் நடத்தும் இடங்கள் இப்படி. 24 மணி நேர வரவேற்பறை, பராமரிப்பு ஆள், முறையான பில் எல்லாம் இருக்கும். வாரத்தில் சில நாள் அறை துடைப்பார்கள்.

இரண்டாவது வகை, ஹோட்டலோடு ஒட்டிய ரெசிடென்ஸ். ஜாலான் அம்பாங்கில் ஃபோர் சீசன்ஸ் ஹோட்டலும் தனியார் குடியிருப்புகளும் ஒரே கோபுரத்தில் இருக்கின்றன. இந்த வகையில் கவனிக்க வேண்டியது, நீங்கள் பதிவு செய்யும் வீட்டை வாடகைக்கு விடுவது ஹோட்டலா, வீட்டின் தனி உரிமையாளரா என்பது. உரிமையாளர் என்றால் கோபுரத்தின் பெயர் பெரிதாக இருக்கும், ஹோட்டலின் அறைச் சேவையும் காலை உணவும் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

மூன்றாவது வகைதான் அதிகம். வணிக நிலத்தில் கட்டி, சர்வீஸ் ரெசிடென்ஸ் என்று பெயரிட்டு, ஒவ்வொரு வீட்டையும் தனித்தனி ஆளுக்கு விற்றுவிட்ட அடுக்குமாடி. உரிமையாளர் ஒருவர், அவருக்காகப் பத்திருபது வீடுகளைப் பார்த்துக்கொள்ளும் முகவர் ஒருவர், சாவி ஒரு பெட்டியில். நீச்சல் குளம் கூரையில் பளபளக்கும். சேவை என்று ஒன்றும் கிடையாது.

அப்படிப்பட்ட ஓர் இடத்தில் தங்கிய இளைஞர் ஒருவர் இரவு பதினொன்றரைக்கு அழைத்தார். "அண்ணே, லிஃப்ட் கார்டு வேலை செய்யல. கீழே காவலர் மட்டும்தான் இருக்கார், அவருக்கு ஒண்ணும் தெரியலங்கிறார். வீட்டுக்காரர் போனை எடுக்கல." மறுநாள் காலை ஒன்பதுக்கு அவருக்கு வாடிக்கையாளர் முன் விளக்கவுரை. மடிக்கணினி மேலே 27ஆவது மாடியில். "தம்பி, பாஸ்போர்ட் கையில இருக்கா? பக்கத்துல ஹோட்டல்ல ஒரு ராத்திரி போட்டுடறேன், காலையில பாத்துக்கலாம்" என்றேன். காவலர் மேல் தவறில்லை. அந்தக் கட்டடத்தில் அவர் வேலை வாசலைக் காப்பது, விருந்தினரைக் கவனிப்பது அல்ல.

இந்த மூன்றாம் வகையில் சட்டச் சிக்கலும் உண்டு. அடுக்குமாடியின் நிர்வாகக் கழகம் குறுகிய கால வாடகையைத் தடைசெய்து துணைவிதி இயற்றலாம், அது செல்லும் என்று மோண்ட் கியாராவிலுள்ள ஒரு கட்டடம் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அப்படித் தடை உள்ள கட்டடங்களில்கூடச் சிலர் வாடகைக்கு விடுகிறார்கள். "காவலர் கேட்டால் நண்பர் வீடு என்று சொல்லுங்கள்" என்று முகவர் செய்தி அனுப்பினால் அந்த முன்பதிவை உடனே ரத்து செய்யுங்கள். வேலைப் பயணத்தில் பொய் சொல்லி வாசலைத் தாண்டும் நிலை உங்கள் நிறுவனத்துக்கும் கேடு.

கண்டுபிடிப்பது எப்படி? கட்டடத்தின் பெயரைத் தேடிப் பாருங்கள். முகவரி ஒன்று, ஆனால் வெவ்வேறு பெயர்களில் பத்துப் பதினைந்து விளம்பரங்கள் வந்தால் அது மூன்றாம் வகை. சொந்த இணையதளமும் நிலைத்தொலைபேசி எண்ணும் இருந்தால் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எப்படிப் பேசுகிறார்கள் என்பது எல்லாவற்றையும் சொல்லிவிடும். நான் எந்தப் புதிய இடத்தையும் இந்த இரவு அழைப்பு இல்லாமல் பட்டியலில் சேர்ப்பதில்லை.

மூன்றாம் வகை வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. நகரம் பழகியவர், பலமுறை வந்தவர், உள்ளூரில் உதவிக்கு ஆள் இருப்பவர் தாராளமாக எடுக்கலாம். முதல்முறை வருபவரை அங்கே வைக்காதீர்கள்.

4. வருபவருக்கு எது பொருந்தும் என்று பாருங்கள்

வாடிக்கையாளர்களைச் சந்திக்க வருபவருக்கு ஹோட்டலின் கீழ்த்தளம் ஒரு சொத்து. காலை ஒருவரோடு காப்பி, மாலை ஒருவரோடு பேச்சு என்று அங்கேயே முடித்துவிடலாம். ரெசிடென்ஸுக்கு ஒருவரை வரச்சொன்னால் அவர் காவல் சாவடியில் கார் எண்ணை எழுதி, அடையாள அட்டையைக் காட்டி, நீங்கள் கீழே இறங்கி வந்து கார்டு தட்டும்வரை காத்திருக்க வேண்டும். மூத்த அதிகாரி ஒருவரை அப்படி நிறுத்திவைப்பது நன்றாக இருக்காது.

இரண்டு மூன்று பேராக வரும் பொறியாளர் குழுவுக்கு ரெசிடென்ஸ் மிகப் பொருத்தம். இரண்டு படுக்கையறை வீடு ஒன்றின் விலை பெரும்பாலும் இரண்டு ஹோட்டல் அறைகளைவிடக் குறையும், இரவில் கூடத்தில் உட்கார்ந்து மறுநாள் வேலையைப் பேசவும் இடம் இருக்கும். ஆனால் குளியலறை இரண்டு இருக்கிறதா என்று பாருங்கள். காலை ஏழு மணிக்கு வண்டி வரும்போது ஒரே குளியலறைக்கு மூவர் காத்திருப்பது சண்டையில் முடியும். ஒருவர் மேலதிகாரி, ஒருவர் கீழே வேலை பார்ப்பவர் என்றால் ஒரே வீட்டில் போடவே வேண்டாம். வேலை முடிந்தும் அந்த இளையவருக்கு ஓய்வு இருக்காது.

தனியாக வரும் பெண்களுக்கு நான் பார்ப்பது இரண்டு: இரவு முழுதும் ஆள் இருக்கும் வரவேற்பறை, தன் தளத்துக்கு மட்டும் திறக்கும் லிஃப்ட் கார்டு. இது இரண்டும் உறுதியாகாத இடத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒதுக்கிவிடுவேன்.

5. இப்போது விலையைக் கணக்கிடுங்கள்

விளம்பர விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் அது பில் விலை அல்ல. ஹோட்டல்கள் வழக்கமாகச் சேர்க்கும் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும், அரசின் சேவை வரியும் மேலே வரும். தங்குமிடத்துக்கான சேவை வரி 2024 மார்ச் 1 முதல் 6இலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. இதற்கு மேல் வெளிநாட்டவருக்குச் சுற்றுலா வரி, ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 ரிங்கிட்.

கணக்குக்காக 400 ரிங்கிட் அறை என்று வையுங்கள். சேவைக் கட்டணம் 40, சேவை வரி 32, சுற்றுலா வரி 10. ஓர் இரவு 482 ரிங்கிட் ஆகிறது. பத்து இரவுக்கு 820 ரிங்கிட் வித்தியாசம். எல்லாம் சேர்த்து 450 என்று சொல்லும் ரெசிடென்ஸ், பார்வைக்கு விலை கூடுதலாக இருந்தாலும், உண்மையில் மலிவு. ஆகவே இரண்டு பக்கமும் "எல்லாம் சேர்த்து எவ்வளவு, சுற்றுலா வரி உள்ளேயா வெளியேயா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இணையத்தில் முழுப்பணம் கட்டியிருந்தாலும் சுற்றுலா வரியைப் பல இடங்களில் வந்திறங்கிய பிறகு தனியாக வாங்குவார்கள். "ஏமாற்றுகிறார்கள்" என்று வரவேற்பறையில் வாதாட வேண்டாம்.

பிறகு இரண்டு பக்கமும் மறைந்திருப்பதைச் சேருங்கள். ஹோட்டலில் துணி வெளுக்க ஒவ்வொரு உருப்படிக்கும் தனி விலை. சட்டை, பேண்ட் என்று வாரம் பத்து உருப்படி போட்டால் கணிசமாக வரும். பக்கத்தில் டோபி கடை இருந்தால் அந்தச் செலவு மிகக் குறையும். ரெசிடென்ஸில் காலை உணவு இல்லாமல் இருக்கலாம், துப்புரவுக் கட்டணம் என்று ஒரு தொகை கடைசிப் பக்கத்தில் வரலாம். தூரமான இடத்துக்குத் தினசரி போக்குவரத்துச் செலவையும் அந்த இடத்தின் விலையோடு சேர்த்துவிடுங்கள். பெரும்பாலான "மலிவு" இடங்கள் இந்தக் கடைசிக் கூட்டலில்தான் தோற்கின்றன.

கார்டு தேய்க்கும்போது இயந்திரம் ரிங்கிட்டா ரூபாயா என்று கேட்டால் ரிங்கிட்டையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டும் தொகையில் அவர்கள் வைத்த மாற்று விகிதம் இருக்கும், அது உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

6. சமையலறையை நம்பி முடிவெடுக்கிறீர்கள் என்றால்

ரெசிடென்ஸை நம்மவர்கள் விரும்புவதற்கு முதல் காரணம் சமையல். பெரும் ஏமாற்றமும் அங்கேதான்.

பல இடங்களில் இருப்பது இண்டக்‌ஷன் அடுப்பு. ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த அலுமினியக் குக்கரை வைத்தால் அடுப்பு பீப் என்று ஒலியெழுப்பி, ஒரு பிழை எழுத்தைக் காட்டி அணைந்துபோகும். அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம்தான் அதில் சூடாகும். வீட்டிலேயே ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்துவிட்டுப் பெட்டியில் எடுத்து வையுங்கள். தூய சைவத்துக்காரர் சின்ன எவர்சில்வர் பாத்திரம் ஒன்றும் கரண்டியும் சொந்தமாகக் கொண்டுவந்தால் மனம் நிம்மதியாக இருக்கும். அங்குள்ள பாத்திரத்தில் முந்தையவர் என்ன சமைத்தார் என்று யாருக்கும் தெரியாது.

தாளிப்பதில் எச்சரிக்கை தேவை. கடுகும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் விழுந்த புகைக்கே சில வீடுகளில் புகை உணரி அலறிவிடும், காவலர்கள் மேலே ஓடிவருவார்கள். அடுப்பு மேல் புகைபோக்கியை முதலில் ஓடவிட்டு, குளிர்சாதனத்தை நிறுத்தி, எண்ணெய் அதிகம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதம், ரசம், ஒரு பொரியல் என்ற அளவில் நிறுத்திக்கொண்டால் சிக்கல் வராது. சில ரெசிடென்ஸ்களில் படத்தில் சமையலறை இருக்கும், அடுப்பு இருக்காது. மைக்ரோவேவும் கெண்டியும் மட்டும். "அடுப்பு உண்டா, என்ன வகை" என்று கேளுங்கள்.

இந்தியச் செருகி இங்குள்ள துளையில் நுழையாது. இங்கே மூன்று சதுரக் கால் உள்ள பிரிட்டிஷ் வகை. மாற்றுச் செருகி இரண்டு கொண்டுவாருங்கள். ஒன்று மடிக்கணினிக்கு, ஒன்று மற்றவற்றுக்கு.

துணி இயந்திரம் பெரும்பாலும் துவைப்பதும் உலர்த்துவதும் ஒன்றே. உலர்த்த மணிக்கணக்கில் எடுக்கும். பாதி அளவுதான் போட வேண்டும். முழுக்கப் போட்டால் வெளியே வரும் துணி சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். பால்கனியில் காயப்போடலாம் என்று நினைக்காதீர்கள், பல கோபுரங்களில் விதி அனுமதிக்காது. திங்கட்கிழமைச் சட்டையை ஞாயிறு இரவில் போடாமல் சனிக்கிழமையே போடுங்கள்.

7. முன்பதிவுக்கு முன் ஒரே செய்தியில் கேட்டுவிடுங்கள்

தேர்வு இரண்டு இடமாகச் சுருங்கியதும், இரண்டுக்கும் ஒரே கேள்விகளை எழுத்தில் அனுப்புங்கள். பதில் வரும் வேகமே ஒரு தகவல். ஒரு நாளாகியும் பதில் இல்லாத இடம், தண்ணீர் வரவில்லை என்று நீங்கள் அழைக்கும்போதும் அப்படித்தான் இருக்கும்.

கேட்க வேண்டியவை: இரவில் வரவேற்பறையில் ஆள் உண்டா? எல்லாம் சேர்த்த மொத்த விலை என்ன? முன்பணம் எவ்வளவு, எப்போது திரும்பும்? நிறுவனத்தின் பெயரிலும் முகவரியிலும் பில் தருவீர்களா? அறை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்கப்படும்? பக்கத்திலோ மேலேயோ கட்டுமான வேலை நடக்கிறதா? கோலாலம்பூரில் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். எங்கோ ஒரு மூலையில் எப்போதும் கோபுரம் எழும்பிக்கொண்டே இருக்கிறது. அறையிலிருந்து இணையவழிக் கூட்டம் நடத்துபவர் துளையிடும் சத்தத்தோடு பேசமுடியாது.

தேதிகளையும் ஒருமுறை நாட்காட்டியோடு ஒத்துப்பாருங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் வாரங்களில் அலுவலகங்கள் வெறிச்சோடும், பல கடைகள் மூடியிருக்கும். தைப்பூசத்துக்கு ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலைக்கு ரதம் கிளம்பும்போது வழியெங்கும் போக்குவரத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்தப் பக்கம் அறை எடுத்திருந்தால் அன்று கார் வாசல் வரை வராது.

8. வந்திறங்கும் நாளைத் தயார் செய்யுங்கள்

மலேசிய மின்னியல் வருகை அட்டையை வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அதில் தங்குமிட முகவரி கேட்கும். தனியார் வீடு என்றால் கோபுர எண், தெரு, அஞ்சல் குறியீடு எல்லாவற்றையும் முன்பே வாங்கிவையுங்கள். "வந்த பிறகு வீட்டு எண் தருகிறேன்" என்ற முகவர்களைத் தவிர்க்க இதுவும் ஒரு காரணம். குடிநுழைவு முகப்பில் முன்பதிவுத் தாளையும் திரும்பும் டிக்கெட்டையும் கேட்கலாம், அச்சிட்டே வைத்திருங்கள். அட்டைக்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

சென்னையிலிருந்து விமானம் நான்கு மணி நேரம். நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மலேசிய நேரம். நள்ளிரவை ஒட்டிக் கிளம்பும் விமானம் இங்கே விடிகாலையில் இறங்கும். அறையோ பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்குத்தான் தருவார்கள். ஹோட்டலில் பெட்டியை வைத்துக்கொண்டு, உடற்பயிற்சிக் கூடத்துக் குளியலறையில் குளித்துக் கிளம்ப விடுவார்கள். ஆள் இல்லாத ரெசிடென்ஸில் பெட்டியோடு தெருவில்தான் நிற்பீர்கள். இறங்கிய அன்றே கூட்டம் இருந்தால் முந்தைய இரவுக்கும் சேர்த்துப் பதிவு செய்யுங்கள். வீண் செலவாகத் தோன்றும். தூங்காத முகத்தோடு பேரம் பேசுவதைவிட அது மலிவு. அப்படிச் செய்யும்போது "விடிகாலை ஆறுக்கு வருவேன், வரவில்லை என்று ரத்து செய்துவிடாதீர்கள்" என்று எழுதி அனுப்பிவிடுங்கள்.

விமான நிலையம் நகரிலிருந்து 55 கிலோமீட்டருக்கு மேல். விரைவு ரயிலில் முதல் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு 28 நிமிடம், இரண்டாம் முனையத்திலிருந்து 33 நிமிடம், கட்டணம் 55 ரிங்கிட். ஒருவர் என்றால் ரயில், இரண்டு மூன்று பேர் என்றால் கிராப். சைபர்ஜெயா, புத்ராஜெயா பக்கம் தங்குபவர் நகருக்கு வந்து திரும்ப வேண்டியதில்லை. டிரான்சிட் ரயில் வழியிலேயே அங்கே நிற்கும்.

9. அறைக்குள் நுழைந்த முதல் அரைமணி

பெட்டியைத் திறக்காதீர்கள். அறை மாற்ற வேண்டுமானால் அதற்குரிய நேரம் இதுதான்.

மேசையில் உட்கார்ந்து இணைய வேகத்தைப் பாருங்கள், கட்டிலில் அல்ல. பல வீடுகளில் இணையப் பெட்டி கூடத்தில் இருக்கும், படுக்கையறைக்கு வேகம் எட்டாது. குளிர்சாதனம், வெந்நீர், லிஃப்ட் கார்டு மூன்றையும் சோதியுங்கள். கார்டை ஒருமுறை கீழே இறங்கி மறுபடி ஏறிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். மேலே சொன்ன அந்த இளைஞரின் கார்டு உள்ளே போகும்போது வேலை செய்தது, இரவில்தான் காலை வாரியது.

தனியார் வீடு என்றால் சுவர், சோபா, கண்ணாடி, அடுப்பு எல்லாவற்றையும் காணொளியாக எடுத்து அன்றே முகவருக்கு அனுப்புங்கள். முன்பணத்தில் கை வைக்கும்போது இந்தக் காணொளிதான் உங்கள் பக்கம் பேசும்.

10. கிளம்புவதற்கு முந்தைய மாலை பில்லைக் கேளுங்கள்

காலையில் வாங்கினால் பிழையைத் திருத்த நேரமிருக்காது. டாக்சி காத்திருக்கும், நீங்கள் வாங்கிக்கொண்டு ஓடுவீர்கள், ஊரில் கணக்குப் பிரிவு திருப்பி அனுப்பும்.

நிறுவனத்தின் பெயர், முகவரி, தங்கிய தேதிகள், சேவை வரி, சுற்றுலா வரி எல்லாம் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். மலேசிய சேவை வரியை இந்தியாவின் ஜிஎஸ்டியில் வரவு வைக்க முடியாது. ஆகவே முழுத்தொகையையும் செலவாகவே எழுதச் சொல்லுங்கள். பில்லைக் கட்டுவது மலேசிய நிறுவனம் என்றால் இன்னொரு வேலை இருக்கிறது. 2024 ஆகஸ்ட் முதல் இங்கே மின் விலைப்பட்டியல் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்திருக்கிறது. நிறுவனத்தின் வரி அடையாள எண்ணையும் பதிவு எண்ணையும் அறை எடுக்கும்போதே கொடுத்துவிட்டால், கிளம்பும்போது கெஞ்ச வேண்டியிருக்காது. தனியார் வீட்டு உரிமையாளர்கள் பலரிடம் முறையான பில்லே கிடைக்காது. செயலியின் ரசீது மட்டும் வரும். அதை உங்கள் கணக்குப் பிரிவு ஏற்குமா என்பதை மூன்றாவது படியிலேயே கேட்டிருக்க வேண்டும்.

பில்லைச் சரிபார்த்ததும் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவையுங்கள். முன்பணத்தை விடுவித்ததற்கான சீட்டையும் அதோடு சேர்த்து அனுப்புங்கள். இரண்டு வாரத்தில் பணம் கார்டுக்குத் திரும்பவில்லை என்றால் வங்கி முதலில் கேட்பது அந்தச் சீட்டைத்தான்.